கசானில் ‘கைநாட்டு’ என்று எழுதப்பட்டவர்கள்: 1920களின் லிக்பெஸ் இயக்கம்

#1 · மலைக்கோட்டை

நண்பர்களே, எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் சோவியத்தின் ஆரம்பகால முதியோர் கல்வி பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாஸ்கோ, பெத்ரோகிராத் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒரு வெளிமாகாணத்தை எடுக்கலாம் என்று கசானைப் பிடித்தேன். வோல்கா கரை ஊர். 1920 மே 27இல் அறிவிக்கப்பட்ட தாத்தார் தன்னாட்சிக் குடியரசின் தலைநகர். தாத்தார்கள் துருக்கிய மொழி பேசுபவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: 1919 டிசம்பர் 26 அன்று லெனின் கையெழுத்திட்ட ஆணைதான் தொடக்கம். 8 வயது முதல் 50 வரை எழுதப் படிக்கத் தெரியாத எல்லோரும் கற்றே ஆகவேண்டும். தாய்மொழியிலா ரஷ்யனிலா என்பது அவரவர் விருப்பம். படித்தவர்களைக் கட்டாயச் சேவையாகப் பாடம் நடத்த அழைக்கலாம். ஆலை, தேவாலயம், தனியார் வீடு, எங்கும் வகுப்பு நடத்தலாம். ஏய்ப்பவர் மீதும், படிக்கப் போகிறவரைத் தடுப்பவர் மீதும் குற்ற வழக்கு. உள்நாட்டுப் போர் இன்னும் ஓயாத நேரத்தில் போட்ட ஆணை இது. 1920 ஜூலையில் இதற்கென்றே ஒரு அதிவிசேஷ ஆணையம் அமைத்தார்கள். ரகசியப் போலீசுக்குச் ‘செகா’ என்று பெயர் இருந்ததால் இதற்குக் ‘கிராம்செகா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘எழுத்தறிவின்மை ஒழிப்பு’ என்பதன் ரஷ்யச் சுருக்கம்தான் லிக்பெஸ். வகுப்பு நடக்கும் இடம் லிக்புங்க்ட்.

இதுவரை சிக்கலில்லை. கசானுக்கு வந்ததும் இடறுகிறது. அது எழுத்தே எட்டிப் பார்க்காத ஊரில்லை. 1800களின் தொடக்கத்திலிருந்தே அரபு எழுத்தில் தாத்தார் புத்தகங்கள் அச்சான ஊர். ‘ஈமான் ஷர்த்தி’ என்ற அரிச்சுவடி அங்கிருந்து வோல்கா கிராமங்களுக்கெல்லாம் போனது. பெண்பிள்ளைகளுக்கு இமாமின் மனைவி, அவரை ‘அபிஸ்தாய்’ என்பார்கள், தன் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். 1913 முதல் 1918 வரை ‘சுயும்பிகே’ என்று பெண்களுக்கென்றே ஒரு பத்திரிகை கசானில் வந்திருக்கிறது.

அதே ஊரில் 1920இல் அரபு எழுத்தைச் சீர்திருத்தினார்கள். 1927இல் லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமானது. 1939இல் சிரிலிக், அதாவது ரஷ்யனை எழுதும் எழுத்து. 1910இல் அபிஸ்தாய் வீட்டில் படிக்கக் கற்ற ஒரு பெண், 1940க்குள் இரண்டு முறை கைநாட்டாகியிருப்பாள். இயக்கத்தைப் பாராட்டிப் பேச உட்கார்ந்தவன் இங்கேயே நிற்கிறேன். இதை எப்படிச் சொல்வது?

#2 · செந்தறி

தோழர், கேள்வி நல்ல கேள்வி. ஆனால் முதலில் 1897க்குப் போய்ப் பாருங்கள். அந்த வருடத்துக் கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசில் எழுத்தறிந்த ஆண்கள் 29.3 சதவீதம், பெண்கள் 13.1. நூறு பெண்களில் எண்பத்தேழு பேருக்கு ஒரு கடிதம் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துத்தான் படிக்க வேண்டும். அபிஸ்தாய் வீட்டுக்குப் போகக் கொடுத்துவைத்த பெண்ணை மட்டும் வைத்து இயக்கத்தை எடை போடாதீர்கள்.

அந்த ஆணையின் ஐந்தாம் பிரிவை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கூலிக்கு வேலை செய்பவர் படிக்கச் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை வேலைநாளில் இரண்டு மணி நேரம் குறைக்க வேண்டும், கூலியைக் குறைக்கக் கூடாது. ராணுவமயமான ஆலைகளுக்கு மட்டும் விலக்கு. நான் பதினெட்டு வருடம் மில்லில் நின்றவன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு இரவுப் பள்ளியில் உட்கார்ந்தால் எழுத்து ஆடும், கண் சொருகும். கூலியோடு இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு உழைப்பவனின் உடம்பு தெரிந்திருக்கிறது. என்னால் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

#3 · பழைய_வாத்தியார்

செந்தறி சொன்னது மனதில் தைக்கிறது. பணியில் இருந்த காலத்தில் ஆறு வருடம் பெரியவர்களுக்கு இரவு வகுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் டோரா எல்கினாவின் அனுபவத்தை இங்கே சொல்ல ஆசை.

1919இல் தெற்குப் போர்முனையில் செஞ்சேனை வீரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். குழந்தைகளுக்கான பழைய பாடமுறைதான் கையில். பலகையில் ‘மாஷா கஞ்சி சாப்பிட்டாள்’ என்ற மாதிரி வாக்கியம். வீரர்கள் கேட்கிறார்கள்: எங்கே மாஷா? எங்கே கஞ்சி? வீட்டை விட்டுப் பசியோடு வந்து கிடப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். எல்கினா பாடத்தை நிறுத்திவிட்டு, ஏன் உங்கள் மாஷாக்களோடு இருக்க முடியவில்லை, நாட்டில் ஏன் கஞ்சியில்லை என்று அவர்களோடு பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த வரி: ‘மி நே ரபி, ரபி நே மி’. நாங்கள் அடிமைகள் அல்ல, அடிமைகள் நாங்கள் அல்ல. பிறகு அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த பெரியவர்களுக்கான அரிச்சுவடியில் அது இடம்பெற்று நாடு முழுக்கப் போனது.

வாத்தியார் கண்ணோடு அந்த வரியைப் பாருங்கள். ரஷ்ய எழுத்தில் மொத்தம் ஏழே எழுத்துகள். அவற்றையே திருப்பித் திருப்பி வைத்து ஒரு முழு வாக்கியம், அதையே புரட்டிப்போட்டு இன்னொன்று. கற்பவருக்கு முதல் நாளே ஒரு அர்த்தமுள்ள வரி கைக்குக் கிடைக்கிறது. கடைசி இரண்டு சொல்லைச் சேர்த்துப் படித்தால் ‘அடிமைகள் ஊமைகள்’ என்றும் காதில் விழும்.

பெரியவர்களை ‘அணில், ஆடு’ என்று உட்கார வைக்கக் கூடாது என்பதை நான் மூன்றாம் வருடத்தில்தான் கற்றேன். என் வகுப்பில் ஒரு அம்மா முதல் நாளே ‘என் பேரை எழுதிக் கொடு சார், மத்ததெல்லாம் அப்புறம்’ என்றார்.

#4 · புதுவாசகி

வாத்தியார் ஐயா, அருமை. ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஏழு எழுத்து அழகு ரஷ்யனில்தானே வேலை செய்யும்? தாத்தார் பெண்ணுக்கு அது கிடைத்திருக்காதே?

#5 · மலைக்கோட்டை

கிடைக்காது. தாய்மொழியில் கற்கலாம் என்று ஆணை சொன்னாலும் அதற்கான அரிச்சுவடி, ஆசிரியர், அச்சு எழுத்து எல்லாம் அந்தந்த மொழியில் தனியாக உண்டாக்கியாக வேண்டும். கசான் பகுதியில் தாத்தார் மட்டுமில்லை. சுவாஷ், மாரி, உத்மூர்த் மக்களும் இருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு அச்சுக்கோப்பு. காகிதமும் பென்சிலும் இல்லாத காலம் வேறு. புகைக்கரியிலும் பீட்ரூட் சாற்றிலும் மை செய்து எழுதினார்கள், கரித்துண்டால் பலகையில் எழுதினார்கள். ஆசிரியர் கையேட்டிலேயே காகிதம், பேனா, மை இல்லாமல் சமாளிப்பது எப்படி என்று பாடம் போட்டார்கள்.

தோழர் செந்தறி, ஐந்தாம் பிரிவை விட்டது என் தவறுதான், உரையில் கட்டாயம் சேர்க்கிறேன். ஆனால் கூலிக்குப் போகாத கிராமத்துப் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை யார் கொடுப்பது? அவளுக்கு முதலாளியும் இல்லை, வேலைநாள் என்ற கணக்கும் இல்லை. மாடு, அடுப்பு, பிள்ளை எல்லாம் அப்படியே நிற்கும். தாத்தார் குடியரசில் பெரும்பாலானோர் விவசாயிகள். லிக்புங்க்ட் நடந்ததே குளிர்காலத்தில்தான், பனி உருகி உழவு தொடங்கினால் வகுப்பு கலைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1921-22இல் வோல்கா பஞ்சம். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் தாத்தார் குடியரசும் ஒன்று. அதே நேரத்தில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து, பள்ளிச் செலவையெல்லாம் மத்திய கருவூலத்திலிருந்து உள்ளூர் கணக்குக்குத் தள்ளிவிட்டார்கள். புல்லையும் மரப்பட்டையையும் மாவில் கலந்து ரொட்டி சுட்ட ஊரின் கணக்கில் என்ன இருக்கும்? லிக்புங்க்ட்கள் வரிசையாக மூடின. 1920இல் எழுந்த அலை இரண்டே வருடத்தில் வடிந்துபோன காரணம் இதுதான். இதை மறைத்துவிட்டு ஆணையிலிருந்து நேராக வெற்றிக்குத் தாவும் கட்டுரைகளை நான் நிறையப் படித்துவிட்டேன்.

#6 · எண்ணும்_எழுத்தும்

கணக்கெடுப்பு என் தொழில் சார்ந்தது, அதனால் இரண்டு விஷயம்.

முதலாவது, 1897 எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கசான் மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் அந்தக் கணக்கெடுப்பே கட்டாய ஞானஸ்நானத்துக்கான முன்னேற்பாடு என்று வதந்தி பரவி, கலவரம்வரை போயிருக்கிறது. பயந்துபோய் நிற்கும் வீட்டில் ‘உங்களுக்குப் படிக்கத் தெரியுமா, எங்கே கற்றீர்கள்’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெண்கள் பற்றிய பதிலை வாசலில் நிற்கும் ஆண்தான் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, யாரை எழுத்தறிந்தவர் என்று எண்ணினார்கள் என்பது. 1926 கணக்கெடுப்பில் எந்த மொழியிலாவது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும். அந்த அளவுகோலில் 9 முதல் 49 வயதுக்காரர்களில் சோவியத் முழுக்க 56.6 சதவீதம். லிக்புங்க்ட் பாடத்திட்டம் கேட்டதோ இதைவிட அதிகம்: தெளிவான அச்சையும் கையெழுத்தையும் படிக்க வேண்டும், தினசரித் தேவைக்குச் சின்னக் குறிப்பு எழுத வேண்டும், சதவீதம் புரிய வேண்டும். ஆக ஒரே ஆள் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தவர், லிக்புங்க்ட் பதிவேட்டில் எழுத்தறியாதவர்.

செந்தறி அண்ணனுக்கு ஒரு எண்: 1913இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களில் ஏறக்குறைய 68 சதவீதம் எழுத்தறிந்தவர்கள். கிராமப்புறப் பள்ளிகள் புரட்சிக்கு முன்பே வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. 1897இலிருந்து நேராக 1926க்குத் தாவினால் நடுவில் நடந்த அத்தனையும் லிக்பெஸ் கணக்கில் விழுந்துவிடும்.

#7 · செந்தறி

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 68 சதவீதம் இருபத்தொரு வயது ஆண்களின் கணக்கு. அவர்களுடைய அம்மாக்களின் கணக்கு அல்ல. லிக்பெஸ் தேடிப் போனது அம்மாக்களை. பள்ளிக்கூட வயது தாண்டிய பெண்ணைத் தேடி அதற்கு முன் எந்த அரசு போனது?

#8 · எண்ணும்_எழுத்தும்

அதில் எனக்கு மறுப்பே இல்லை, அண்ணே.

#9 · காயல்_அலை

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மலைக்கோட்டை எழுதிய முதல் பதிவின் கடைசிப் பத்தி தூங்கவிடவில்லை.

எங்கள் வாப்பும்மா, வாப்பாவின் அம்மா, அரபுத்தமிழ் படிப்பார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். மஃரிபுக்குப் பிறகு மாலைப் பாட்டுக் கிதாபை விரித்து வைத்து ராகத்தோடு படிப்பார், தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அதே வாப்பும்மா ரேஷன் கடையில் கைநாட்டு. பெருவிரலில் மை தடவும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். நான் சின்னப் பிள்ளை. நம்ம வாப்பும்மாவுக்குத்தான் படிக்கத் தெரியுமே, ஏன் மை வைக்கிறாங்க என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ‘அது வேற படிப்பு, இது வேற படிப்பு’ என்றார் உம்மா.

கசான் பெண்ணும் எதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று யாராவது சொல்ல முடியுமா? என்ன படிப்பாள்?

#10 · மலைக்கோட்டை

காயல், உங்கள் பதிவை எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தேன்.

கிட்டத்தட்ட அதேதான். ‘கிஸ்ஸா-இ யூசுஃப்’ என்று ஒரு நெடும்பாட்டு உண்டு, 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர் குல் கலீ பாடியது, யூசுஃப் நபியின் கதை. கைப்பிரதியாகவும் பிறகு கசான் அச்சாகவும் ஊர் ஊராகப் போனது. பெண்கள் அதை ராகம்போட்டுப் படிப்பார்கள், சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதில் படிக்க மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எழுதுவது தனி வித்தை, பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பல வீடுகளில் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தது லிக்பெஸ் மட்டுமில்லை. 1880களிலிருந்தே ‘உசூலி ஜதீத்’ என்ற புதுமுறைப் பள்ளிகள் தாத்தார்களே கட்டியவை. எழுத்தை ஒலியாகக் கற்றுக்கொடுத்து, தாய்மொழியிலேயே எழுதவும் வைத்தார்கள். கசானில் ஃபாத்திஹா ஐத்தோவா பெண்களுக்கென்று பள்ளி நடத்தினார். 1917 ஏப்ரலில் அகில ரஷ்ய முஸ்லிம் பெண்கள் மாநாடு நடந்ததும் கசானில்தான். 1920இன் லிக்புங்க்ட்களுக்குத் தாத்தார் ஆசிரியைகள் கிடைத்தார்கள் என்றால் இவர்களால்தான்.

#11 · புதுவாசகி

எனக்குப் புரியாதது இதுதான். எப்படியும் 1939இல் சிரிலிக்குக்குத்தான் போகப்போகிறார்கள் என்றால் நடுவில் லத்தீன் எதற்கு? நேராகவே மாற்றியிருக்கலாமே?

#12 · மலைக்கோட்டை

1920களில் சிரிலிக் என்று வாயெடுக்கவே முடியாது. 1860களிலிருந்து இல்மின்ஸ்கி என்ற அறிஞர் கசானில் ஞானஸ்நானம் பெற்ற தாத்தார்களுக்குச் சிரிலிக்கில் புத்தகம் போட்டுவந்தார். முஸ்லிம் கிராமத்துக்கு அந்த எழுத்து என்றாலே மதமாற்றம். இல்மின்ஸ்கியைத் தெரியாமல் லத்தீன் வந்த கதை புரியாது. ஜார் காலத்து நெடி இல்லாத, சர்வதேச எழுத்து என்றுதான் லத்தீனைக் கொண்டுவந்தார்கள்.

1926 பிப்ரவரி-மார்ச்சில் பாக்கூவில் துருக்கியவியல் மாநாடு. லத்தீனுக்கு ஆதரவாக 101 வாக்கு, எதிராக 7. எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் கசானிலிருந்து போன கலிம்ஜான் ஷராஃப். சீர்திருத்திய அரபு எழுத்தே தாத்தாருக்குப் போதும் என்பது அவர் வாதம். 1927இல் 82 தாத்தார் எழுத்தாளர்களும் அறிஞர்களும் அரபு எழுத்தைக் காக்கச் சொல்லி ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார்கள். பலனில்லை. ‘யானாலிஃப்’ வந்தது. ‘புது அலிஃப்’ என்று அர்த்தம், அரபின் முதல் எழுத்துப் பெயரையே லத்தீனுக்கு வைத்தார்கள். பத்து வருடம் கழித்து எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள் என்ற பாகுபாடில்லாமல் கைது நடந்தது. ஷராஃபும் தப்பவில்லை. எழுத்தாளர் கலிம்ஜான் இப்ராகிமோவ் 1938 ஜனவரியில் சிறைக்காவலிலேயே இறந்தார்.

#13 · செந்தறி

லத்தீன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுங்கள் தோழர். அரபு எழுத்தில் உயிரொலிக்கு மூன்று குறிதான். தாத்தாரில் ஒன்பதுக்குக் குறையாத உயிரொலிகள். சீர்திருத்தத்துக்கு முன் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் முதல், நடு, கடை, தனி என்று வெவ்வேறு வடிவம் வார்க்க வேண்டும். கணக்குப் பாடத்தில் எண் இடமிருந்து வலம், எழுத்து வலமிருந்து இடம். வயதான ஆளுக்கு மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் இதெல்லாம் பெரிய தடை. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை.

1939ஐ நான் தாங்கிப் பேச மாட்டேன். ஆறு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சிரிலிக்கைத் தலையில் கட்டியதில் கற்பவருடைய வசதி எங்கேயும் இல்லை. யானாலிஃபைக் கஷ்டப்பட்டுக் கற்ற பெண்ணிடம் போய் அது செல்லாது என்று சொல்வதற்கு எனக்கு மனம் வராது.

#14 · பழைய_வாத்தியார்

செந்தறி, உங்கள் முதல் பத்தியில் பாதி ஏற்கிறேன். மூன்று குறிச் சிக்கலை 1920 சீர்திருத்தமே ஓரளவு தீர்த்துவிட்டது. உயிரொலியெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. ஏழு வருடம்தான் அதற்குக் கொடுத்தார்கள். ஒரு எழுத்துமுறை நிலைக்க ஒரு தலைமுறை வேண்டும்.

என் கவலை வேறு இடத்தில். கற்றது மறந்துபோவது. மூன்று, நான்கு மாதம் கற்றவர் அடுத்த குளிர்காலத்துக்குள் மறந்துவிடுவது 1920களில் பெரிய தலைவலி. புத்தகம் படிக்காவிட்டால் எழுத்து மறந்துபோகும் என்று சுவரொட்டியே அடித்தார்கள். அதற்காகத்தான் கிராமத்து வாசிப்புக் குடில்கள், 1923இல் அன்றைய அரசுத் தலைவர் கலீனின் தலைமையில் ‘எழுத்தறிவின்மை ஒழிக’ சங்கம், 1928இல் இளைஞர் அமைப்பின் ‘பண்பாட்டுப் படையெடுப்பு’. ‘எழுத்தறிந்தவரே, அறியாதவருக்குக் கற்பியுங்கள்’ என்று வீடு வீடாகப் போனார்கள். புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்குள், அதாவது 1927க்குள், 18-35 வயதில் ஒருவர்கூட மீதியிருக்கக் கூடாது என்று இலக்கு வைத்து அது நிறைவேறாமல் போனதால் வந்த வேகம் அது.

இப்போது கசானுக்கு வாருங்கள். அந்த வேகம் வந்த அதே சமயத்தில்தான் எழுத்து மாறுகிறது. மறக்காமலிருக்க வீட்டில் ஏதாவது படிக்க வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் பழைய எழுத்து. கையில் கற்றது புது எழுத்து. பாட்டியிடம் பேரன் சந்தேகம் கேட்க முடியாது, பேரன் பாடத்தைப் பாட்டி பார்க்க முடியாது. என் வகுப்பில் ஒரு பிள்ளை அம்மாவுக்கு உதவியதால்தான் பாதிப் பேர் தேறினார்கள். வீட்டுக்குள் இருக்கும் அந்தத் துணை அறுந்துபோனால் எந்த ஆசிரியராலும் ஈடுகட்ட முடியாது.

#15 · எண்ணும்_எழுத்தும்

1939 எண்ணையும் போட்டுவிடுகிறேன். சோவியத் முழுக்க 9-49 வயதில் 87.4 சதவீதம். ஆண்கள் 93.5, பெண்கள் 81.6. இதில் பெரும்பங்கு 1930இல் வந்த கட்டாயத் தொடக்கக் கல்வியால் வளர்ந்த பிள்ளைகள். முதியோர் வகுப்பின் பங்கைத் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். உரையில் இந்த எண்ணைச் சொன்னால் வயது வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐம்பதைத் தாண்டிய பாட்டிகள் இதில் இல்லை.

#16 · மலைக்கோட்டை

அக்கா, குறித்துக்கொண்டேன். உரையின் முதல் படமாக ரதாகோவின் 1920 சுவரொட்டியைப் போடுவதாக இருந்தேன். கண்ணைக் கட்டிய விவசாயி கையை நீட்டிக்கொண்டு பாறை விளிம்பில் நடப்பான். எழுத்தறியாதவன் குருடன் என்று வாசகம். அதை நடுவுக்குத் தள்ளிவிட்டேன்.

முதலில் வேறொன்று சொல்லப்போகிறேன். 1960களில் கசான் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் மிர்காசிம் உஸ்மானோவ் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். பழைய அரபு எழுத்துப் புத்தகங்களைத் தேடி. பரண், பெட்டி, சுவர் இடுக்கு என்று பத்திரமாக இருந்தது. பல ஊர்களில் எடுத்துக் கொடுத்தது பாட்டிகள். பல்கலைக்கழக நூலகத்துக்கு இப்படி வந்து சேர்ந்த கைப்பிரதிகளும் பழைய அச்சுகளும் ஆயிரக்கணக்கில். ‘கிஸ்ஸா-இ யூசுஃப்’ பிரதிகளும் அதில் உண்டு. அங்கிருந்து பின்னால் 1919க்குப் போகிறேன்.

#17 · காயல்_அலை

வாப்பும்மாவின் பெட்டி சின்னம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறேன், இறக்கிப் பார்த்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். வீட்டில் யாருக்கும் படிக்க வராது. இங்கே யாருக்காவது வருமா?

#18 · பழைய_வாத்தியார்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு வரும், எழுபத்தெட்டு வயது. அவரிடம் கேட்டேன், எழுத்து பெரிதாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார். போடுங்கள் தம்பி.